விகுதி

எழும்பூர் கென்னட் லேனில் மூன்று மாடி லாட்ஜ்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
வரவேற்பு மேசை என்னுடையது.
பித்தளை வில்லையில் எண் பொறித்த முப்பத்தாறு சாவிகள்,
ஒரு பதிவேடு,
ஓனர் மகன் வேண்டாமென்று தள்ளிவிட்ட கணினி.

அதில் வசூல் கணக்குக்குப் பின்னால்
ஒரு துறைமுகம் இருக்கிறது.
படமில்லை, ஓசையில்லை. எல்லாம் எழுத்து.
அங்கே நான் நாகமுல்லை.
தோணித்துறையில் சுங்கம் பிரிப்பவள்.
இடக்கையில் நாலே விரல்.
இங்கே வருகிறவர்களிடம் நான் ஆதார் கேட்பதுபோல்
அங்கே என்னிடம் எவரும் கேட்பதில்லை.

சாய்கோடு போட்டு 'நான்' என்று தட்டினால்
திரையில் நான் விழாது, அவள் பெயர் விழும்.
முதல் வாரம் அது தெரியாமல்
/நான் நடக்கிறேன் என்று எழுத,
நாகமுல்லை நடக்கிறேன் என்று வந்து நின்றது.
துறைமுகமே சிரித்தது.
ஏனில் முடித்தால் தப்பு.
நானில் ஆரம்பித்து ஆளில் முடிக்க வேண்டும்.
விரல் பழக ஒரு மழைக்காலம் ஆனது.

மற்றதெல்லாம் சுலபம்.
/ப என்றால் பகடை உருளும்.
/கி ஒரே ஒரு காதுக்கு.
எஃப் நாலை அழுத்தினால்
விளக்கை உயர்த்தி, வந்தவன் முகத்தைப் பார்த்து,
'எந்த ஊர்த் தோணி' என்கிறாள்,
மொத்தமும் ஒரே தட்டில்.
ஏசி ஓடவில்லை என்று இறங்கி வருகிறவர்களுக்கும்
அப்படி ஒரு விசை இருந்தால்
என் தொண்டை மிச்சம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டால் /வி.
நாகமுல்லை விலகியிருக்கிறாள் என்று அறிவித்துவிடும்.
காரணமும் போடலாம்.
/வி 204க்கு வெந்நீர்
/வி கொல்லம் ரயில், ஆறு பேர், ஒரே ரூம் கேட்கிறார்கள்
/வி போலீஸ்
கப்பல்கள் காத்திருக்கும்.
கொள்ளைக்காரன் கருங்குருவிகூட
ஓங்கிய வாளோடு ஏழு நிமிடம் நின்றிருக்கிறான்,
அந்த அறுவருக்கு நான் பாய் எடுத்துக் கொடுக்கும்வரை.

சொந்தக் கதைக்கு இரட்டை அடைப்பு உண்டு.
((கரண்ட் போகப் போகுது))
((தங்கச்சிக்கு லேப்டாப் வேணுமாம்))
நான் அதை அதிகம் தொட்டதில்லை.

நேற்று மூன்றரைக்கு 307 இறங்கி வந்தார்.
பதினொரு நாளாகக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் இங்கேயுமாக
நடந்துகொண்டிருந்தவர்.
வந்த அன்று 'நபர்கள்' கட்டத்தில்
மூன்று என்று எழுதியிருந்தார்.
சாவியை மேசையில் வைத்தார்.
"காலி பண்ணிக்கிறோம் தம்பி."
வாசலில் ஆட்டோவுக்குள் அந்த அம்மா
ஒரு சின்ன பிளாஸ்டிக் பக்கெட்டை
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
அட்வான்ஸ் ஐந்நூறை எண்ணிக் கொடுத்தேன்.
நூறு கூடுதல் என்று திருப்பித் தந்தார்.
ஏதாவது சொல்ல வேண்டும்.
எந்த விசையிலும் நான் அதை வைத்திருக்கவில்லை.
"ரசீது வேணுமா சார்?" என்றேன்.

ஆட்டோ போன பிறகு உட்கார்ந்தேன்.
கருங்குருவி வாளோடு நின்றுகொண்டிருந்தான்.
தட்டினேன்.

நாகமுல்லை சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன்

என்று வந்து நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.
தோணித்துறையில் ஏது சாவி, ஏது ஆணி
என்று யாரும் கேட்கவில்லை.
கருங்குருவி வாளை உறையில் போட்டான்.
பிறகு அடைப்புக்குள் ஒரு சொல்.

((ஏன்?))

விகுதியைத்தான் கேட்கிறான் என்று நினைத்து
மேல் அம்பை அழுத்தினேன்.
வரி திரும்ப வந்தது.
கடைசியில் கொஞ்சம் அழித்துவிட்டு
ஆள் போட வேண்டும், அவ்வளவுதான்.
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
பால் வண்டி வந்தது.
/வி என்று அடித்தேன்.
காரணம் போடவில்லை.